வறிய நாடுகளினின்று வெளிச்செல்லும் முதல்

நீர் மேட்டினின்று பள்ளத்திற்குப் பாய்தல் இயற்கை. முதலும் அவ்வாறே மிகுந்துள்ள நாட்டினின்று அருகியுள்ள நாட்டிற்குப் பாயும் என்பது பொருளாதார நூலின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. பொறியும் ஆலையும் நிறைந்த நாட்டில் மேலும் ஒரு ரூபாயை இட்டால் கிடைக்கும் ஊதியம் சிறிது. ஏரும் எருதும் தவிர வேறு கருவி காணாத நாட்டில் அதே ரூபாய் பெரும்பயன் விளைக்கும். ஆதலின் செல்வர் நாட்டுப் பணம் வறியோர் நாட்டை நாடி ஓடிவருதல் வேண்டும். சிக்காகோப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த இராபர்ட் லூகாஸ் என்னும் பேராசிரியர் 1990-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இக்கோட்பாட்டைக் கணக்கிட்டுப் பார்த்தார். எளிய கோட்பாட்டின்படி இந்தியாவில் புதிதாக இடும் முதலின் ஊதியம் அமெரிக்காவில் இடுவதன் ஊதியத்தைப்போல் 58 மடங்கு இருத்தல் வேண்டும் என்று விடை வந்தது. அது மெய்யாயின் உலகத்துப் பணமெல்லாம் நம் துறைமுகங்களில் வந்து குவிந்திருக்கும். குவியவில்லை. எங்கோ பாடம் பிழைபட்டுள்ளது என்பதே அவர் எழுப்பிய வினா.

யாம் ஈண்டு ஆராயப் புகுவது அதனினும் ஒருபடி விந்தையானது. வறிய நாட்டிற்கு முதல் வாராமை ஒருபுறம் நிற்க, வறிய நாட்டினின்றே முதல் புறப்பட்டு அயல்நாட்டில் தொழில் நடத்தச் செல்லுதல் நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றது. தன் வீட்டிலேயே அடுப்பெரியாதவன் அண்டை வீட்டிற்கு விறகு கொண்டு செல்வானோ என்று நகைத்தல் எளிது. அங்ஙனம் நகைக்குமுன் யார் கொண்டு சென்றனர், ஏன் சென்றனர், திரும்ப வந்தது யாது என்று பார்த்தல் நன்று.

முதலில் சொற்களை வரையறுத்துக் கொள்வோம். அயல்நாட்டுக் கம்பெனியொன்றின் பங்குச் சீட்டை விலைக்கு வாங்கி, ஆண்டுதோறும் இலாபத்தை மட்டும் எதிர்நோக்கி இருப்பது ஒருவகை. அக்கம்பெனியின் ஆட்சியிலேயே கைவைத்து, இன்ன பொறி வாங்குக, இன்னாரை மேலாளராக அமர்த்துக என்று கட்டளையிடும் உரிமையோடு முதலிடுவது மற்றொருவகை. பின்னதையே நேர்முதல் என்பர். நூற்றுக்கு 10 பங்கேனும் கையிலிருந்தால் அது நேர்முதல் எனக் கொள்வது இன்று உலக நாடுகள் கணக்கெழுதும் முறை. ஓர் ஆண்டிற்குள் வெளிச்சென்ற தொகை வேறு. பல்லாண்டுகளாகச் சென்று அயல்நாட்டில் நிலைத்து நிற்கும் இருப்பு வேறு. ஆற்றில் ஓடும் நீரையும் ஏரியில் தேங்கிய நீரையும் ஒன்றாகக் கொள்ளுதல் பிழையாவதுபோல் இவ்விரண்டையும் கலப்பது பெரும்பிழை. இன்னும் ஒன்று. ஆங்கில ஆட்சிக் காலத்தில் தாதாபாய் நவுரோஜி அவர்கள் எடுத்துக்காட்டிய செல்வக் கசிவு வேறு பொருள். நம் நாட்டு வரிப்பணம் கைம்மாறின்றி இங்கிலாந்து சென்றதைப் பற்றியது அது. ஆட்சிக்கும் வரிக்கும் அஞ்சிச் செல்வர் தம் பணத்தை அயல்நாட்டுப் பாங்கியில் மறைத்தலும் நேர்முதலில் சேராது. ஆயினும் இரண்டும் ஒரே வாயில் வழியே வெளியேறுதல் உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

தமிழர்க்கு இப்பொருள் புதிதன்று. செட்டிநாட்டு நகரத்தார் இலங்கை, மலேயா, சயாம், சைகோன் முதலிய இடங்களில் நடத்திய தொழிலுள் தலையாயது பர்மாவில் நடந்தது. 1852-இல் கீழைப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பெற்றது. ஐராவதி ஆற்றின் கழிமுகம் அக்காலத்தில் பெரிதும் சதுப்புக் காடு. 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 10 இலட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த நெல்வயல், 1930-க்குப்பின் 80 இலட்சம் ஏக்கருக்கு மேல் பெருகிற்று. காடு வெட்டவும், கரை கட்டவும், எருது வாங்கவும், அறுப்புவரை வயிறு காக்கவும் பர்மியக் குடியானவனுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஐரோப்பியப் பாங்கிகள் நிலத்தை ஈடாகக் கொண்டு குடியானவனுக்குக் கடன் கொடுக்க முன்வரவில்லை. முன்வந்தவர் நகரத்தார். 1930-இல் வெளிவந்த பர்மா மாகாண பாங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை, அங்கு ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும், அவர்தம் தொழிலில் உழன்ற முதல் 75 கோடி ரூபாய் அளவினது என்றும் கணித்தது. அதிற் பெரும்பகுதி அவர்களது சொந்த முதல். எஞ்சியது வைப்புத் தொகையும் பாங்கிக் கடனும்.

இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்து இத்துணைப் பெருமுதல் எவ்வாறு புறப்பட்டது? பணம் மட்டும் சென்றிருப்பின் இத்தகைய பெருக்கம் நேர்ந்திராது. பணத்தோடு ஒரு முறையும் சென்றது. ஊரில் இருப்பவர் முதலாளி. கடலுக்கு அப்பால் கடையை நடத்துபவர் மேலாள். அவருக்குத் துணை அடுத்தாள். எல்லார்க்கும் கீழே தொழில் பயிலும் பெட்டியடிப் பையன். மேலாளுக்குத் தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. தவணை முடிந்து ஊர் திரும்பிக் கணக்கு ஒப்புவித்த பின்னரே அடுத்த தவணை. இரங்கூனில் தம் கோயிலில் கூடி மாதந்தோறும் நடப்பு வட்டியை நிருணயித்தனர். உண்டியின் வழியே ஊருக்கு ஊர் பணம் மாறிற்று. மகமை என்று ஒரு சிறு பகுதி அறத்திற்கு ஒதுக்கப்பெற்றது. அறிமுகமற்ற நாட்டில் யாரை நம்புவது என்பதே முதலிடுவோனை வாட்டும் முதற்கவலை. அக்கவலையை உறவும் கோயிலும் கணக்கேடும் சேர்ந்து தீர்த்தன. இக்காலத்துப் பெருங்கம்பெனிகள் நூற்றுக்கணக்கான வழக்குரைஞரையும் கணக்கரையும் அமர்த்தித் தீர்க்கும் கவலையும் இதுவே.

ஈண்டு ஒரு சட்ட விந்தையையும் குறித்தல் தகும். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். அன்று அது தனி நாடாகப் பிரிக்கப்பெற்றது. முன்னாள் மாலை உள்நாட்டு வாணிகமாக இருந்தது மறுநாட் காலை அயல்நாட்டு முதலாயிற்று. பெட்டியும் மேசையும் பேரேடும் இருந்த இடத்திலேயே இருந்தன. புள்ளிவிவரம் காண்போர் இதனை மறத்தலாகாது. ஒரு நாட்டின் முதல் வெளிச்சென்றது என்று ஏட்டில் எழுதப்படுவது சில வேளைகளில் எல்லைக்கோடு நகர்ந்ததன் விளைவேயாகும்.

1930-இல் உலக மந்தம் பர்மாவைத் தாக்கிற்று. நெல்லின் விலை பாதிக்கும் கீழே வீழ்ந்தது. கடன்பட்ட குடியானவனால் வட்டியும் கட்ட இயலவில்லை. ஈடு வைத்த நிலம் செட்டியார் பெயருக்கு மாறிற்று. கீழைப் பர்மாவின் 13 முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே அவர்களிடம் இருந்தது. 1938-இல் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. அவர்கள் நிலத்தை விரும்பி வாங்கினரல்லர் என்பது மெய். வட்டிக் கடைக்கு வேண்டுவது கைமாறும் பணமேயன்றிச் சேற்று வயலன்று. ஆனால் வயலை இழந்தவனுக்கு அந்நியாயம் நுட்பமாகப் பிரித்துணரத் தக்கதாயில்லை. 1930 டிசம்பரில் தாராவதி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் குடியானவர் கிளர்ந்தெழுந்ததற்கு வரியும் கடனும் வறுமையும் காரணமாயின. 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பால் இலட்சக்கணக்கான இந்தியர் மலையும் காடும் கடந்து கால்நடையாய் ஓடிவந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றிற்று. 1962-இல் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் எஞ்சிய கடைகளும் பாங்கிகளும் பறிபோயின. சென்னைத் துறைமுகத்தருகே உள்ள பர்மா பஜார் அவ்வாறு வெறுங்கையோடு திரும்பியோர் பிழைப்புத் தேடிய இடம்.

எல்லாம் போயிற்றோ எனின், முற்றும் போகவில்லை. இடையில் ஊர் வந்து சேர்ந்த இலாபத்தைக் காரைக்குடியின் மாளிகைகளில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களில் மட்டும் தேடுவோர் பாதியையே காண்பர். அண்ணாமலைநகர்ப் பல்கலைக் கழகமும், அழகப்பர் காரைக்குடியில் 1947-இல் தொடங்கிய கல்லூரியும் நகரத்தாரின் கடல்கடந்த ஈட்டத்தோடு தொடர்புடையன. 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கி காரைக்குடி, சென்னை, இரங்கூன் என்னும் மூன்று ஊர்களில் ஒருங்கே திறக்கப்பெற்றது. பர்மாவில் தொழில் வளர்த்த முருகப்பச் செட்டியார் குடும்பத்தார் போர் மூளுமுன்னரே முதலைத் தாய்நாட்டிற்குத் திருப்பினர். 1949-இல் அம்பத்தூரில் எழுந்த சைக்கிள் ஆலை அக்குடும்பத்தினுடையது. சென்ற முதல் திரும்பிவர ஒரு வழி திறந்திருந்தவரை நாட்டிற்கு ஊதியம் கிடைத்தது. ஆயின் பர்மியர்க்கு எஞ்சியது என்ன? வயல் விளைந்தது, நெல் ஏற்றுமதியாயிற்று. ஆனால் கணக்கெழுதும் கலையும் கடன் கொடுக்கும் கலையும் பர்மியர் கையில் தங்கவில்லை. மேலாள் முதல் பெட்டியடிப் பையன் வரை பொறுப்புடைய அனைவரும் ஊரிலிருந்தே வந்து, ஊருக்கே திரும்பினர். எம் கருத்தில் அத்தொழிலின் வலிமையும் அதன் அழிவின் வித்தும் இவ்வொன்றேயாம்.

இனி நூலார் கூறும் விளக்கத்திற்கு வருவோம். அயல்நாட்டில் தொழில் நடத்துவோன் அந்நாட்டு மொழி, சட்டம், வழக்கம் எல்லாவற்றிலும் உள்ளூரானுக்குப் பின்தங்கியவன். அக்குறையை ஈடுசெய்யத்தக்க தனிச் சிறப்பு ஒன்று அவனிடம் இருத்தல் வேண்டும் என்று ஸ்டீபன் ஹைமர் என்பார் 1960-இல் எழுதிய ஆராய்ச்சியில் நிறுவினார். ஜான் டன்னிங் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனை ஒரு படிக்கட்டாக அமைத்துக் காட்டினார். மிக வறிய நாடு முதற்படியில் நிற்கும். முதல் உள்ளேயும் வாராது, வெளியேயும் செல்லாது. இரண்டாம் படியில் அயலார் முதல் வரத் தொடங்கும். மூன்றாம் படியில் நாட்டாரும் தொழில் கற்று வெளிச்செல்லத் தலைப்படுவர். நான்காம் படியில் வெளிச்செல்வது உள்வருவதனினும் மிகும். ஐந்தாம் படியில் இரண்டும் ஏறக்குறைய ஒத்து ஊசலாடும். ஜப்பானும் தென் கொரியாவும் பெரும்பாலும் இப்படிகளில் ஏறியே சென்றன. இந்தியாவோ, படியை எண்ணாமல் தாவிச் சென்ற நாடு. பொருளாதார நூலார் சிலர் 1980-க்குப் பின்னரே வறிய நாட்டுக் கம்பெனிகளைக் கண்டு வியந்தனர். 1983-இல் லூயி வெல்ஸ், சஞ்சயா லால் ஆகிய இருவரும் தனித்தனியே எழுதிய நூல்களில் அவ்வியப்பிற்கு விளக்கம் தேடினர். வறியோரிடத்திலும் தனிச் சிறப்பு உண்டு என்பது அவர்கள் கண்டது. சிறிய சந்தைக்கு ஏற்ற சிறிய பொறி, உதிரிப் பகுதி கிடையாத இடத்திலும் செம்மைப்படுத்தி ஓட்டும் கைத்திறன், மின்சாரம் நின்று நின்று வரும் நாட்டில் ஆலை நடத்திய பழக்கம் இவையெல்லாம் மான்செஸ்டர்க்காரனிடம் இல்லாதவை.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வெளிநாட்டு ஆலைகளுள் ஒன்று 1959-ஐ ஒட்டி எத்தியோப்பியாவில் பிர்லா குழுவினர் நிறுவிய நெசவாலை. 1962-இல் ஸ்ரீராம் குழுவினர் கொழும்பு அருகே இரத்மலானையில் தையற்பொறி இணைக்கும் தொழிற்சாலை தொடங்கினர். இவை செல்வம் மிகுந்ததால் வெளிச்சென்றவை அல்ல என்பதை மாணவர் உற்றுநோக்கல் வேண்டும். அந்நாளில் இந்தியாவில் அயல்நாட்டுச் செலாவணி அருமருந்தினும் அரிதாயிருந்தது. ஆதலின் 1969-இல் அரசாங்கம் வகுத்த விதிகள், வெளிநாட்டுக் கூட்டுத்தொழிலில் இந்தியரின் பங்கு சிறுபான்மையாக இருத்தல் வேண்டும் என்றும், அப்பங்கைப் பணமாக அனுப்பாமல் இந்தியாவில் செய்த பொறிகளாக அனுப்புதல் வேண்டும் என்றும் பொதுவில் கூறின. பணம் போகாமல் பொறி போயிற்று. பொறி விற்றதும் ஆயிற்று, முதலிட்டதும் ஆயிற்று. கஞ்சத்தனத்திலிருந்து பிறந்த விதி என்று அதனை இகழ்வோர் உளர். யாம் அதனை அறிவுடைய கஞ்சத்தனம் என்போம்.

அதே ஆண்டில் ஆதித்ய பிர்லா தாய்லாந்தில் செயற்கை நூல் ஆலை ஒன்றைத் தொடங்கினார். பின்னர் இந்தோனேஷியா, பிலிப்பைன்ஸ், மலேஷியா நாடுகளிலும் ஆலைகள் எழுந்தன. இவ்வேகத்திற்குக் காரணம் வெளிநாட்டின் கவர்ச்சி மட்டும் அன்று. 1951-ஆம் ஆண்டின் தொழில் ஒழுங்குச் சட்டப்படி, புதிய ஆலைக்கும் விரிவுக்கும் உரிமம் வேண்டும். 1969-இல் ஏகபோகத் தடைச் சட்டமும் சேர்ந்தது. உள்ளூரில் ஒரு தறி கூட்டுவதற்கு டில்லியின் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்க வேண்டியிருந்தவன், பாங்காக்கில் சில மாதத்தில் ஆலை கட்ட முடியுமாயின் எங்குச் செல்வான்? வாயிலை அடைத்தால் வீட்டிற்குள் நிற்கும் என்று எண்ணி அடைத்தனர். முதல் கொல்லைப்புற வழியே சென்றது. வெளிச்செல்லும் முதலைக் கண்டவுடன் நாடு வளர்ந்துவிட்டது என்று மகிழ்வோரும், நாடு கொள்ளை போகின்றது என்று அலறுவோரும் இந்த வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர். அயலில் விளைநிலம் கண்டு செல்வது ஒன்று. அகத்தில் இடமின்றித் துரத்தப்பட்டுச் செல்வது மற்றொன்று. கணக்கேட்டில் இரண்டும் ஒரே வரியில் எழுதப்படுகின்றன.

1991-இல் உரிமக் கட்டு தளர்ந்தது. 1992-இல் சிறு தொகைகட்குத் தானியங்கி அனுமதி வந்தது. 2000-இல் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் விதிகள் ஆண்டுக்காண்டு விரிந்தன. 2004-இல் ஒரு கம்பெனி தன் நிகர மதிப்பின் அளவிற்கு வெளியில் முதலிடலாம் என்று ஆயிற்று, 2005-இல் இருமடங்கு, 2007 முடிவதற்குள் நான்கு மடங்கு. வெளிநாட்டில் நிலைத்த இந்திய நேர்முதலின் இருப்பு 1990-இல் ஏறக்குறைய 12 கோடி டாலர்; 2000-இல் ஏறக்குறைய 170 கோடி; 2010-இல் ஏறக்குறைய 9,700 கோடி. முதற் பத்தாண்டில் பதினான்கு மடங்கு. அடுத்த பத்தாண்டில் ஐம்பது மடங்கிற்கு மேல்.

இப்பெருக்கத்தில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். மூணாற்றின் கண்ணன் தேவன் மலைகளில் தேயிலைத் தோட்டங்களை நடத்திவந்தது கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் பின்லே கம்பெனி. அங்கே கொழுந்து கிள்ளியோர் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பத்தினர். 1983-இல் பின்லேயின் பங்கை வாங்கி டாட்டா டீ தன்னுரிமையாக்கிக் கொண்டது. 2000-இல் அக்கம்பெனி தன்னினும் பெரிதாயிருந்த டெட்லி என்னும் இங்கிலாந்துத் தேயிலை வாணிகத்தை 27 கோடி 10 இலட்சம் பவுன் கொடுத்து வாங்கிற்று. டெட்லியிடம் பெயர் இருந்தது, கடைத்தெருவில் இடம் இருந்தது. தேயிலையின் விலையிற் பெரும்பகுதி கொழுந்திற்குச் சேராமல் பொட்டலத்தின்மேல் அச்சிட்ட பெயருக்குச் சேர்கின்றது என்பதை நன்குணர்ந்து செய்த வாணிகம் அது. 2005-இல் மூணாற்றுத் தோட்டங்கள் பணியாளரும் தொழிலாளரும் பெரும்பங்கு கொண்ட தனிக் கம்பெனிக்கு மாற்றப்பட்டன. 2015 செப்டம்பரில் ஊக்கத்தொகை குறைக்கப்பட்டது கண்டு, அம்மலையின் தமிழ்ப் பெண்தொழிலாளர் சங்கத் தலைவர்களையும் விலக்கி வைத்துவிட்டுத் தாமே ஆயிரக்கணக்கில் திரண்டு சாலையில் அமர்ந்தனர். ஒன்றினால் மற்றொன்று விளைந்தது என்று யாம் கூறவில்லை. முதல் கொழுந்தைவிட்டுப் பெயரிடம் சென்றது. கொழுந்து கிள்ளுவோர் மலையிலேயே இருந்தனர். வெளிச்செல்லும் முதலால் நாட்டிற்கு இலாபம் என்னுமிடத்து, நாடு என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்று கேட்பதற்கு இதனினும் தக்க இடமில்லை.

மற்றொன்று எஃகு. 1907-இல் டாட்டா எஃகுக் கம்பெனிக்கு முதல் திரட்ட முனைந்தபோது இலண்டன் பணச்சந்தை கைவிட்டது. பம்பாயில் சுதேசி உணர்ச்சி பொங்கிய மக்கள் தாமே பங்கு வாங்கினர். சரியாக நூறாண்டு கழித்து, 2007 ஜனவரி இறுதியில் நடந்த ஏலத்தில் பிரேசில் நாட்டுக் கம்பெனியொன்றை விஞ்சி, ஆங்கில டச்சு எஃகு நிறுவனமாகிய கோரஸை அதே டாட்டா எஃகுக் கம்பெனி ஏறக்குறைய 620 கோடி பவுனுக்கு வாங்கிற்று. வாங்கியவர் ஆண்டுக்கு உருக்கியது ஏறக்குறைய 50 இலட்சம் டன். வாங்கப்பட்டது அதனினும் மூன்று மடங்கிற்கு மேல். அந்நாளில் உலக பாங்கியின் பட்டியலில் இந்தியா தாழ்ந்த வருவாய் நாடுகளின் வகுப்பிலேயே இருந்தது. 2008-இல் வெளியான பட்டியலில்தான் அடுத்த வகுப்பிற்கு ஏறிற்று. இலண்டன் நாளேடுகள் வியந்தன. நம் நாளேடுகள் பூரித்தன. விலையின் பெரும்பகுதி கடன். மறுவருடமே உலகப் பண நெருக்கடி. எஃகின் தேவை வீழ்ந்தது. 2016-இல் ஸ்கன்தார்ப் ஆலையை உள்ளிட்ட ஒரு பகுதியை ஒரே ஒரு பவுனுக்கு விற்கவேண்டியதாயிற்று. 2024-இல் வேல்ஸ் நாட்டுப் போர்ட் தால்பட்டிலிருந்த இரண்டு ஊதுலைகளும் அணைக்கப்பட்டன. மின்னுலை அமைப்பதற்கு பிரிட்டிஷ் அரசாங்கம் 50 கோடி பவுன் உதவ உடன்பட்டது. ஆயிரக்கணக்கான வேல்ஸ் தொழிலாளர் வேலையிழந்தனர். பர்மியக் குடியானவன் நகரத்தாரை நோக்கிய கண்ணோடு, போர்ட் தால்பட்டின் உலைத்தொழிலாளி ஜாம்ஷெட்பூரை நோக்கியிருப்பான். நேர்முதல் எத்திசையிற் பாய்ந்தாலும், தீர்மானிப்போன் ஓரூரிலும் அதன் பயனை நுகர்வோன் மற்றோரூரிலும் இருத்தல் அதன் இயல்பு.

இதே குழுவினர் 2008-இல் போர்டு கம்பெனியிடமிருந்து 230 கோடி டாலருக்கு வாங்கிய ஜாகுவார், லாண்டு ரோவர் மோட்டார் தொழில் சில ஆண்டில் பெரும் இலாபம் ஈட்டிற்று. ஒருவரே, ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே நாட்டில் இட்ட இருமுதல்களின் கதி இவ்வளவு வேறுபட்டதாயின், பொதுவிதி கூறுவோர் சற்றுத் தயங்குதல் முறை.

மேற்கூறிய தொகைகளை அப்படியே நம்பிவிடலாகாது என்பதும் கூறத்தக்கது. இந்தியாவின் வெளிமுதல் சென்ற நாடுகளின் பட்டியலில் மொரீஷியஸ், சிங்கப்பூர், நெதர்லாந்து ஆகியவை நெடுங்காலம் முன்னிற்கக் காண்கின்றோம். சிறு தீவாகிய மொரீஷியஸில் அத்துணை ஆலைகள் எங்கே கட்டினர் என்று பூகோளப் படத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டா. 1982-இல் செய்த வரி உடன்படிக்கையின் சலுகையை நாடிப் பணம் அங்குச் சென்று பெயர் மாற்றிக்கொண்டு, பிற நாட்டிற்கோ இந்தியாவிற்கே திரும்பவோ சென்றது. 2016-இல் அவ்வுடன்படிக்கை திருத்தப்பெற்றது. முன்னர் ஒரே வாயில் என்றோமே, அது இதுவே. ஆலை கட்டச் செல்லும் முதலும், வரிக்கு ஒளிந்து செல்லும் பணமும் ஒரே கப்பலில் ஏறின. சுங்கச் சாவடியில் இரண்டிற்கும் ஒரே சீட்டு.

இந்தியா பரந்த நாடு; அதன் கதையை எல்லா வறிய நாட்டிற்கும் பொதுவாக்குதல் தகாது. மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ என்பது மிகச் சிறியதும் வறியதுமான நாடு. அதன் தலைநகராகிய லோமேயில் 1985-இல் மேற்கு ஆப்பிரிக்க வணிகர் சங்கங்களின் முயற்சியால் எக்கோபாங்க் என்னும் பாங்கி நிறுவப்பெற்று, இன்று 30-க்கு மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் கிளை பரப்பியுள்ளது. டோகோவின் முதலே இத்தனைக்கும் காரணம் என்பது பொருந்தாது. பல நாட்டு வணிகர் கூடித் தலைமையிடத்தை ஆங்கு வைத்தனர். நைஜீரியாவின் டாங்கோட்டே சிமெண்டுக் கம்பெனி எத்தியோப்பியா, செனகல், ஜாம்பியா, டான்சானியா முதலிய நாடுகளில் ஆலைகள் கட்டியது. சுண்ணாம்புக்கல் எங்கும் உண்டு; சிமெண்டைக் கடல்வழி இறக்குமதி செய்து உள்நாட்டிற்குச் சுமந்து செல்லும் கூலியே விலையை உயர்த்துவது. அந்தச் சிக்கலைத் தன் ஊரில் தீர்த்தவன் பக்கத்து ஊரிலும் தீர்க்கின்றான். எத்தியோப்பியாவின் காம்பெல்லாப் பகுதியிலோ, பெங்களூரைச் சார்ந்த ஒரு கம்பெனி ஓரிலட்சம் ஹெக்டேர் அளவில் நிலத்தைக் குத்தகை கொண்டு, வெள்ளத்தாலும் பொருள்முடையாலும் அதிற் சிறு பகுதியையே பயிரிட்டு, 2015 இறுதியில் குத்தகையை இழந்தது. நிலத்தையே நம்பிச் சென்ற முதல், பர்மாவிற் கண்டதுபோலவே ஆப்பிரிக்காவிலும் அரசியற் புயலுக்கு முதலில் இரையாகின்றது. 1975-இல் எத்தியோப்பிய அரசாங்கம் பேராலைகளைக் கைப்பற்றியபோது ஆலைகளுந்தாம் பறிபோயின. ஆயின் தறி ஓட்டக் கற்ற கை அந்நாட்டிலேயே நின்றது.

உலகக் கணக்கில் இவையெல்லாம் எவ்வளவு? 1980-இல் வளரும் நாடுகளிலிருந்து வெளிச்சென்ற நேர்முதல் உலக மொத்தத்தில் ஒரு சிறு பின்னமே. 2014-இல் அது நூற்றுக்கு 35 பங்கு வரை உயர்ந்தது. ஆனால் அதிற் பெரும்பாகம் சீனம், ஹாங்காங், சிங்கப்பூர் முதலியவற்றினுடையது. மிகவும் பின்தங்கிய நாடுகளின் பங்கு இன்றும் நூற்றில் ஒன்றிற்கும் கீழ். டன்னிங் கூறிய முதற்படியில் நிற்போர் இன்னும் அங்கேயே நிற்கின்றனர்.

பள்ளிக்கூரை ஒழுகும் நாட்டில் 1,200 கோடி டாலரை வேல்ஸிற்கு அனுப்பலாமா என்ற வினாவை எம் மாணவர் பலர் வகுப்பில் எழுப்புவர். அத்தொகை அனுப்பாமல் இருந்திருப்பின் பள்ளிக்கூரைக்கு வந்திராது என்பது ஒருபக்க விடை. தனியார் கம்பெனியின் கடன்வாங்கும் வலிமை அரசாங்கத்தின் கருவூலம் அன்று. மறுபக்கமும் உண்டு. அச்சுமையைத் தாங்க உதவியது ஜாம்ஷெட்பூரின் இலாபம். வேல்ஸில் உலை நட்டமடைந்தபோது, ஒடிசாவில் கட்டவேண்டிய உலைக்கு உதவவேண்டிய பொருள் அங்கே சென்றது. நற்செய்தி நூலில் வரும் தாலந்து உவமையை நம் கல்லூரியார் அறிவர். புதைத்து வைத்தவன் கண்டிக்கப்படுகின்றான். வாணிகம் செய்து தோற்று வந்தவன் ஒருவன் அவ்வுவமையில் இல்லை. பொருளாதார நூலுக்கு மிகவும் வேண்டப்படுபவன் அவனே.

அரசாங்கமும் இவ்வாயிலைத் திறப்பதும் மூடுவதுமாகவே உள்ளது. 2013 ஆகஸ்டில் ரூபாயின் மதிப்புச் சரிந்தபோது, நிகர மதிப்பின் நான்கு மடங்கு என்றிருந்த வரம்பை ரிசர்வ் பாங்கி ஒரே மடங்காகக் குறைத்தது. 2014 ஜூலையில் மீண்டும் நான்காக்கிற்று. செல்வ நாடு தன் முதல் வெளிச்செல்வதை மழை வெயில்போல் பார்த்திருக்கும். வறுமை நீங்கிவரும் நாட்டிற்கு அது கூரையில் விழுந்த ஓட்டை; மழைநாளில் மட்டும் நினைவிற்கு வரும். 2022 ஆகஸ்டில் வெளிநாட்டு முதலீட்டிற்குப் புதிய விதிகள் தொகுக்கப்பெற்றன.

இத்துறையில் மேலும் பயில விரும்பும் மாணவர்க்கு ஒரு வழி உண்டு. வெளிநாட்டில் முதலிடும் இந்தியக் கம்பெனிகளின் பெயர், செல்லும் நாடு, தொழிலின் வகை, தொகை ஆகியவற்றை மாதந்தோறும் ரிசர்வ் பாங்கி பட்டியலிட்டு வெளியிடுகின்றது. ஒரு மாதப் பட்டியலை எடுத்துக்கொண்டு, வரிச்சலுகை நாடுகளுக்குச் சென்றவற்றை முதலில் விலக்குக. எஞ்சியவற்றுள் ஆலை எது, பெயர் வாங்கச் சென்றது எது, நிலம் வாங்கச் சென்றது எது என்று பிரித்துப் பார்க்க. திரும்பி வந்த இலாபம் அப்பட்டியலில் இராது. அக்கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தே அதனைக் காணவேண்டும்.